பத்து நிமிஷம் கழித்துச் சரியாகிவிடுகிறவன்

1. பாயின் புகார்

"ஒருத்தன் நடிக்கிறான் சிஸ்டர். நடிக்கிறான்னு நல்லா தெரியுது. எதுக்கு நடிக்கிறான்னுதான் தெரியல."

இதைச் சொல்வதற்கு முன் அன்வர் பாய் என் அறைக் கதவைச் சாத்தினார். வழக்கமாக அப்படிச் செய்கிற ஆள் இல்லை. ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்த ஷூ கம்பெனியில் லெதர் ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு. தோல் பதனிடும் டேனரிகளிலிருந்து வரும் சரக்கு பண்டல் பண்டலாக அவரிடம்தான் இறங்கும். பிறகு மாடியில் இருக்கும் கட்டிங் செக்‌ஷனுக்கு ஏறும். எதையும் ஸ்டோருக்கே கேட்கும்படி சொல்லிப் பழகியவர் கதவைச் சாத்தினால் விஷயம் வேறு.

நான் அங்கே நர்ஸ். வேலூரில் மருத்துவமனை வார்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவள். ஃபர்ஸ்ட் எய்ட் ரூம் என்று பெயர். ஒரு கட்டில், பி.பி. மெஷின், குளுக்கோமீட்டர், யூரின் ஸ்ட்ரிப், காயத்துக்குக் கட்டுப்போடும் சாமான்கள். தையல் ஊசி விரலில் ஏறியவர்கள் வருவார்கள். வயிற்றுவலி, மயக்கம் என்று வருவார்கள். நடிப்பவர்களும் வருவார்கள். கம்பெனி நர்ஸ் வேலையில் பாதி வைத்தியம், பாதி துப்பறிதல் என்று புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வதுண்டு. தலைசுற்றல் என்று வருகிற பெண்ணுக்கு உண்மையிலேயே தலை சுற்றுகிறதா, லைன் சூப்பர்வைசரின் வாயிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிக்க வந்தாளா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் கட்டில் ஒன்றுதான்.

"யாரைச் சொல்றீங்க பாய்?"

"தாமோதரன். ஒடுகத்தூர் பக்கத்துப் பையன். கான்ட்ராக்ட்ல வந்தான்."

எனக்கு ஆளைத் தெரியும். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பான். அகலமான தோள், கெண்டைக்கால் இரண்டும் கல்தூண் மாதிரி. அவனை ஸ்டோரில் எடுத்ததே அந்த உடம்பைப் பார்த்துத்தான்.

"காலையில முதல் பண்டல் தூக்குவான். பாதிப் படி ஏறினதும் நின்னுடுவான். பண்டலைக் கீழ வச்சிட்டுப் போனை எடுத்துக் காதுல வச்சுப்பான். ஹலோ ஹலோன்னுவான். நேத்து பின்னாடியே போய் நின்னேன். போன்ல யாருமே இல்ல சிஸ்டர். ஸ்கிரீன் ஆஃப்ல இருக்குது."

"மூச்சு வாங்குதோ இன்னமோ."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். ஆனா ஒரு பத்து நிமிஷம் இப்படி டிராமா போட்டான்னா, அப்புறம் சரியாய்டறான். சும்மா சரியாகறது இல்ல, மத்த பசங்களுக்குச் சமமா ஓடறான். நோவுன்னா இன்னா, நேரம் ஆக ஆக ஜாஸ்தியாகணுமா, கம்மியாகணுமா?"

என் வார்டு அனுபவத்திலும் நோய் நேரம் ஆக ஆகக் கூடத்தான் செய்தது: இதயம் பலவீனமானவன் ஏற ஏற மோசமாவான், ரத்தம் குறைந்தவன் நடக்க நடக்கச் சோர்வான். வேலை செய்யச் செய்ய நன்றாகிற நோயை நான் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு," என்றார் பாய், குரலை இன்னும் இறக்கி. "பாக்கெட்ல ஒரு பொட்டலம் வச்சிருக்கான். வேலைக்கு முன்னாடி சுவர் பக்கம் திரும்பி வாயில போட்டுக்கிறான். வெள்ளையா இருக்குது."

2. வெள்ளைப் பொட்டலம்

மறுநாள் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த, கண் கழுவும் ஐ-வாஷ் குழாயைச் சோதிக்கும் சாக்கில் போய் நின்றேன். பாய் சொன்னது சரி. தாமோதரன் அலமாரிக்கு அந்தப் பக்கம் போனான், முதுகைக் காட்டித் திரும்பினான், தலையை அண்ணாந்து எதையோ வாயில் கொட்டினான், தண்ணீர் குடித்தான்.

என் அறைக்குக் கூப்பிட்டேன். வந்தான். எது கேட்டாலும் தரையைப் பார்த்தான்.

"பாக்கெட்ல இன்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர்."

"நானாப் பார்த்தா நல்லா இருக்காது தாமு."

காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தான். பிரித்தேன். மணிமணியாக இருந்தது. விரலில் ஒற்றி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சர்க்கரை. வீட்டுச் சர்க்கரை.

பயந்தபடி போதைப்பொருள் இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. ஆனால் அது ஒரு நொடிதான். சர்க்கரையை ஏன் ஒருவன் ஒளிந்து தின்ன வேண்டும்? குளுக்கோமீட்டரில் பார்த்தேன், சரியாகவே இருந்தது. இதயத் துடிப்பு, பி.பி. எல்லாம் சரி. ஸ்டெதஸ்கோப் வைத்தேன், சுத்தமான மூச்சு.

"இது எதுக்கு?"

"பழக்கம் சிஸ்டர். சின்ன வயசுலேருந்து."

"ஜிம்முக்குப் போறியா? ஊசி, பவுடர் எதுனா எடுத்துக்கறியா?"

"இல்ல சிஸ்டர். ஜிம்மா, அங்க நான் போய் இன்னா பண்றது?"

அந்த வாக்கியத்தை அவன் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எதையோ மறைக்கிறான் என்று நிச்சயமாகத் தோன்றியது. மறைக்கவும் செய்தான். ஆனால் நான் நினைத்ததை அல்ல.

அவனுக்கும் என்மேல் சந்தேகம். கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலையை விட்டுத் தூக்க ஹெச்.ஆர். ஆதாரம் சேர்க்கிறது, அதற்கு நான் கையாள் என்று அவன் நம்பியதாகப் பிற்பாடு அவனே சொன்னான்.

3. லிஃப்ட் ரிப்பேரான நாள்

அடுத்த வாரம் கூட்ஸ் லிஃப்ட் நின்றுபோனது. வழக்கமாகக் கனமான பண்டல்கள் லிஃப்டில் போகும். ஆட்கள் தூக்கியது சின்னச் சின்னப் பண்டல்களைத்தான். அன்று எக்ஸ்போர்ட் ஆர்டர் அவசரம். மாடியில் கட்டர்கள் தோலுக்குக் காத்திருந்தார்கள். எல்லாப் பண்டலையும் படியில் ஏற்ற வேண்டியதாயிற்று.

பாய் ஒரு முடிவோடு இருந்தார். இன்று போனும் கிடையாது, நிற்பதும் கிடையாது என்று காலையிலேயே தாமோதரனின் செல்லை வாங்கி டிராயரில் போட்டுவிட்டார். பொட்டலத்தையும் வாங்கிவிட்டார். இது நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

ஒரு பெண் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தபோது தாமோதரன் படி முடிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தான். பண்டலைக் கட்டிய கயிறு அவன் இரண்டு கைகளிலும் இருந்தது. பிடித்த பிடியிலேயே விரல்கள் பூட்டிக்கொண்டு, கயிறு உள்ளேயே சிக்கியிருந்தது.

"விடுடா கயித்தை," என்றார் பாய்.

"விட முடியல பாய்."

பாய் ஒரு கையைப் பிடித்து விரலைப் பிரிக்கப் பார்த்தார். தாமோதரன் வலியில் சுவரில் தலையை அழுத்திக்கொண்டான், சத்தம் வரவில்லை. நான் முன்கையைத் தொட்டேன். மேலே சூடான தோல், அதன் கீழே கட்டை. தசைப்பிடிப்பு எத்தனையோ பார்த்திருக்கிறேன். அது இழுக்கும், விடும், துடிக்கும். இது துடிக்கவில்லை. அப்படியே உறைந்து நின்றது. ஒருவன் முகத்தால் நடிக்கலாம், குரலால் நடிக்கலாம். தசையை இப்படிக் கல்லாக்கி வைத்திருக்க எந்த நடிகனாலும் முடியாது.

முதலில், தாடையைப் பூட்டிவிடும் டெட்டனஸோ என்று பயந்தேன். வாயைத் திறக்கச் சொன்னேன், திறந்தது. கழுத்து வளைந்தது. கத்தரியால் கயிற்றை வெட்டி எடுத்து அவனைக் கீழே கொண்டுவந்தோம். வெகுநேரம் கழித்துத்தான் விரல்கள் ஒவ்வொன்றாக இளகின.

பாய் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "இதுவும் நடிப்பா சிஸ்டர்?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

4. சிறுநீர்

சிறுநீர் கழிக்கப் போனவன் திரும்பி வந்து வாசலிலேயே நின்றான்.

"சிஸ்டர், டீ டிகாக்‌ஷன் மாதிரி போவுது."

டப்பாவில் பிடித்து வரச் சொன்னேன். அவன் சொன்னது சரி. பாலில்லாத கடுங்காப்பி நிறம். ஸ்ட்ரிப்பை நனைத்தேன். ரத்தத்துக்கான கட்டம் நன்றாகக் கறுத்தது. எனக்கு உடனே வந்தது பரிதாபம் இல்லை, சந்தேகம். தோல் கம்பெனியில் நிறம் கிடைப்பதா கஷ்டம்? தோலுக்கு ஏற்றும் சாயம் ஒரு சொட்டு போதும். கான்ட்ராக்டை நீட்டிக்கவோ, கம்பெனி மேல் கேஸ் போடவோ யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று வாட்ச்மேனை டாய்லெட் கதவருகே நிற்க வைத்து, புது டப்பாவைக் கொடுத்து, இன்னொரு முறை வாங்கினேன். அதே நிறம்.

அவன் அந்த இரண்டாவது டப்பாவை நீட்டியபோது என் முகத்தைப் பார்த்தான். "நம்பலையா சிஸ்டர்?"

"உன்னை வேலூர் அனுப்பப் போறேன். அங்க கேப்பாங்க. ரெண்டு தடவை பார்த்தேன்னு நான் சொல்லணும்," என்றேன். அது உண்மை. முழு உண்மை இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கம்பெனி வண்டியில் நானும் போனேன். பாயும் ஏறிக்கொண்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

5. டாக்டரின் கேள்விகள்

வேலூர் மருத்துவமனையில் லேப் ரிப்போர்ட் என்னைக் குழப்பியது. ஸ்ட்ரிப்பில் ரத்தம் இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் ஒரு சிவப்பணுகூட இல்லை. தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் சி.கே. என்ற என்சைம், மெஷின் காட்டும் எல்லையையே தாண்டியிருந்தது. ரத்த மாதிரியை நீர்க்க வைத்து மறுபடி மெஷினில் போட்டார்கள்.

நரம்பு, தசை நோய்களுக்கான டாக்டர் ஒரு அம்மா. மெல்லிய உருவம், அதிகம் சிரிக்காதவர். சிறுநீரில் வந்தது ரத்தம் அல்ல, தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் என்று எங்களுக்கு விளக்கினார். தசை உடைந்தால் அது வெளியே வரும். ஸ்ட்ரிப்புக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சிறுநீரகத்தை அது அடைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் டிரிப் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு அவரும் சந்தேகப்பட ஆரம்பித்தார். எங்களைவிட ஒழுங்காக.

"குடிப்பியா?" "இல்லீங்க." "பாம்பு எதுனா கடிச்சதா? வயக்காட்டுல?" "இல்லீங்க." "கொழுப்பு குறைக்கிற மாத்திரை, நாட்டு மருந்து, உடம்பு ஏத்துற ஊசி?" "இல்லீங்க." ஒவ்வொரு 'இல்லீங்க'வுக்கும் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நம்பினாரா என்று எனக்குத் தெரியவில்லை.

பாய்க்குப் பொறுக்கவில்லை. "மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா? இவன் உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்ல மாட்டான். இவன் தினமும் வேலை ஆரம்பிச்சவுடனே சாவுற மாதிரி நிப்பான். பத்து நிமிஷம் கழிச்சு குதிரை மாதிரி ஓடுவான். அதையும் எழுதிக்குங்க."

காட்டிக் கொடுக்கும் தொனியில்தான் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

பாய் சொன்னார். டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இந்த முறை தாமோதரனிடம் வேறு குரலில் கேட்டார். "தம்பி, அந்தப் பத்து நிமிஷம் மெதுவா போனா, அப்புறம் வலி விட்டுடுதா?"

அவன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அதற்குப் பிறகுதான் வாய் திறந்தான். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் முதல் சுற்றிலேயே தொடை இறுகும். சோம்பேறி என்று அடி விழும். மெதுவாகத் தொடங்கினால் சமாளிக்கலாம் என்று தானே கண்டுபிடித்தான். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அதற்குத்தான் போன். சர்க்கரை தின்றுவிட்டுப் போனால் கொஞ்சம் லேசாக இருப்பதும் தற்செயலாகத் தெரிந்தது. வீட்டில் சொன்னால் அப்பா நம்பவில்லை. "இவ்ளோ பெரிய உடம்பை வச்சிக்கினு வேலைக்கு வலிக்குதான்னு கேப்பாரு. அதான் யார்கிட்டயும் சொல்றதில்ல."

"அம்மா அப்பா சொந்தமா?"

"அம்மாவுக்கு அவரு தாய்மாமன்."

6. இரண்டு முன்கைகள்

சிறுநீர் தெளிந்து, அவன் வீட்டுக்குப் போய், சில வாரம் ஓய்வெடுத்த பிறகும் சி.கே. முழுதாக இறங்கவில்லை. டாக்டர் ஒரு டெஸ்டுக்கு வரச் சொன்னார். பாயும் வந்தார். அவருக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

டெஸ்ட் எளிது. முழங்கை மடிப்பில் ஒரு ஊசி போட்டு வைப்பார்கள். கையில், பிடியின் பலத்தை அளக்கும் பிடிமானி ஒன்றைக் கொடுத்து ஒரு நிமிஷம் முடிந்த பலத்தோடு அமுக்கச் சொல்வார்கள். நிறுத்தியதும் இடைவெளி விட்டு விட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் பார்ப்பார்கள்.

ஏன் என்று டாக்டர் எங்களுக்குச் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். தசைச் செல் சுருங்கி விரிய ஏ.டி.பி. என்ற ஆற்றல் தரும் பொருள் வேண்டும். கையிருப்பில் இருப்பது சில நொடிக்குத்தான் காணும். உடனே புதிதாகச் செய்தாக வேண்டும். நிதானமான வேலை என்றால் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா, ரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை வைத்து குளுக்கோஸையும் கொழுப்பையும் எரித்து நிறைய ஏ.டி.பி. தரும். ஆனால் திடீரென்று பளு தூக்கும்போது அந்த வழி போதாது. ரத்த ஓட்டம் கூட நேரமாகும். அந்த இடைவெளியில் தசை தன்னிடம் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்த சர்க்கரையை உடைத்து, ஆக்சிஜன் இல்லாமலேயே கொஞ்சம் ஆற்றல் எடுத்துக்கொள்ளும். அப்போது வெளியே வருவதுதான் லாக்டேட்.

"இந்தத் தம்பிக்கு அந்தச் சேமிப்பை உடைக்கிற என்சைம் பிறவியிலேயே இல்லைன்னு நெனைக்கிறேன்," என்றார் டாக்டர். "வீட்டுல அரிசி மூட்டை நிறைய இருக்கு, அறை பூட்டியிருக்கு, சாவி கிடையாது. பத்து நிமிஷத்துல ரத்த ஓட்டம் கூடிடும். கல்லீரல்லேருந்து குளுக்கோஸ், உடம்புலேருந்து கொழுப்பு, எல்லாம் தசைக்கு வெளியேருந்து வந்து சேரும். அப்புறம் அவர் மத்தவங்க மாதிரி. முன்னாடியே சர்க்கரை சாப்பிட்டா ரத்தத்துல ரெடியா இருக்கும். இவர் கண்டுபிடிச்சது சரியாத்தான் இருந்திருக்கு."

தாமோதரன் அமுக்கினான். ரத்தம் ஓடியது லேபுக்கு. ரிசல்ட் வந்தது. லாக்டேட் அசையவே இல்லை. ஆரம்பத்தில் எவ்வளவோ, கடைசியிலும் அவ்வளவே.

டெக்னீஷியனுக்குச் சோதனையில் சேர்க்கும் ரீஏஜென்ட் மேல் சந்தேகம். "மேடம், ஒரு நார்மல் ஆள் கிடைச்சா ஓட்டிப் பார்த்துடலாம்."

எல்லோரும் பாயைப் பார்த்தோம். அவர் சட்டைக் கையை மடக்கினார். ஊசி குத்தும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் ஸ்டோர் சூப்பர்வைசர் பிடி, பிடிமானி திணறியது. அவருடைய லாக்டேட் மளமளவென்று ஏறியது. மெஷினில் தப்பில்லை.

பாய் பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டே கேட்டார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. அவன் சரியா அமுக்காம ஏமாத்தியிருந்தா? அப்பவும் ஏறாதுதானே?"

தாமோதரன் தலை குனிந்துகொண்டான். எனக்கு பாய் மேல் கோபம் வந்தது. டாக்டருக்கு வரவில்லை.

"நல்ல கேள்வி. எங்களுக்கும் அந்தச் சந்தேகம் வரும். அதுக்காகத்தான் அதே ரத்தத்துல அமோனியாவும் பார்க்கிறோம். சும்மா பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா ரெண்டுமே ஏறாது. உண்மையா அமுக்கி, ஏ.டி.பி. பத்தாம தசை தவிச்சதுன்னா அமோனியா ஏறும்." தாளைப் பாய் பக்கம் திருப்பினார். "உங்களுக்கு ஏறினதைவிட இவருக்குப் பல மடங்கு ஜாஸ்தி. உங்களைவிட இவர்தான் கஷ்டப்பட்டு அமுக்கியிருக்கார்."

பாய் அந்தத் தாளைப் பார்த்தார். அதிலிருந்த எண்கள் எதுவும் அவருக்குப் புரிந்திருக்காது. பிறகு தாமோதரனிடம் போய், "டீ குடிக்கலாம் வா. சர்க்கரை தூக்கலா," என்றார். அவன் எழுந்து போனான். ஜீன் டெஸ்ட் ரிசல்ட் பிற்பாடு வந்து அதையே உறுதி செய்தது.

7. ஹெச்.ஆர். அறை

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் சந்தேகம் தீரும் என்று நினைப்பீர்கள். கம்பெனியில் அது கூடியது.

ஸ்டோர் ஆட்களில் சிலர், "கெமிக்கலால வந்ததை ஜீன்னு சொல்லி மூடி மறைக்கிறாங்க, நர்ஸும் உடந்தை," என்றார்கள். ஹெச்.ஆர். சாருக்கு நேர் எதிரான சந்தேகம். "பிறவி நோய்னா ஜாயின் பண்ணும்போதே தெரிஞ்சிருக்குமே சிஸ்டர். மறைச்சு வந்திருக்கான். அன்ஃபிட்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கான்ட்ராக்டை முடிச்சுடலாம்."

"அன்ஃபிட் இல்ல சார். பளு தூக்கக் கூடாது, அவ்வளவுதான். நிதானமான வேலைக்கு அவர் மத்தவங்களுக்குக் கம்மி இல்ல."

"நாளைக்கு எல்லாரும் வந்து எனக்கும் அந்த நோய்ம்பாங்க. யார் செக் பண்றது?"

"நான் பண்றேன். அதுக்குத்தானே இருக்கேன்?"

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வேலையைக் காப்பாற்றியது என் வாதம் இல்லை, அன்வர் பாய். தோலைத் தரம் பிரிக்கும் மேஜைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். விரித்துப் போட்ட தோலில் உண்ணிக் கடி, முள் கீறல், கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் பார்த்துச் சாக்பீஸால் குறிக்கிற வேலை. "இவன் எனக்கு அங்க வேணும்," என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்டதற்கு, "எல்லாத்தையும் சந்தேகமா பார்க்கிற ஆளு சார். அந்த மேஜைக்கு அதான் வேணும்," என்றார்.

தாமோதரனின் கான்ட்ராக்டை நீட்டித்தார்கள். பெர்மனென்ட் இன்றுவரை ஆக்கவில்லை.

8. ஒடுகத்தூர் ரோடு

உடன்பிறந்தவர்கள் இருந்தால் அழைத்து வரச் சொல்லியிருந்தார் டாக்டர். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்த அப்பா அம்மா இருவரிடமும் பழுதான ஜீன் ஒவ்வொன்று இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாமோதரனுக்கு ஒரு தங்கை, கௌரி. அவளைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவன் பேச்சை மாற்றினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறினேன்.

வீடு ரோட்டிலிருந்து இறங்கி, வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டிப் பள்ளத்தில் இருந்தது. அம்மா என்னை நன்றாக உபசரித்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. தை மாசம் பேசி முடிக்கப் போறோம். இப்பப் போய் ரத்தம் அது இதுன்னா, பொண்ணுக்கு இன்னா கொறைன்னு கேப்பாங்க. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு யாருனா கேட்டா, கம்பெனியில வேலைக்கு ஆள் கேட்டு வந்தேன்னு சொல்லுங்க."

கௌரி எனக்கு எதிரே நின்று, "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். நான் அண்ணன் மாதிரி இல்ல," என்றாள். தெளிவாகச் சொன்னாள். மனப்பாடம் செய்தவள் மாதிரித் தெளிவாக.

திரும்பும்போது அம்மா ஒரு பை நிறைய வேர்க்கடலை கொடுத்து, மகளை ரோடு வரைக்கும் கொண்டுவந்துவிடச் சொன்னார். பையை நான் தூக்குகிறேன் என்றேன், கௌரி விடவில்லை. மேடு தொடங்கியது. கொஞ்ச தூரம் பேசிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்தினாள். பிறகு நின்றாள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

வார் நன்றாகத்தான் இருந்தது.

இன்னும் கொஞ்சம் ஏறினோம். மறுபடி குனிந்தாள். மேலே ரோட்டில் வேலூர் பஸ் வருகிற சத்தம் கேட்டது. ஓடினால் பிடிக்கலாம். "ஓடுங்க சிஸ்டர், போய்டும்," என்றாள், நிமிராமல்.

நான் ஓடவில்லை. பஸ் நின்றது, கிளம்பியது, போய்விட்டது. அவள் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தேன்.

"ஏன் நின்னேன்னு நான் கேக்கல கௌரி. ஒண்ணு மட்டும் சொல்லு. இப்படி நின்னு நின்னு மெதுவா ஏறினா, கொஞ்ச நேரம் கழிச்சு எப்படி இருக்கும்?"

அவள் செருப்பு வாரிலிருந்து கையை எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை, கொல்லையைப் பார்த்தாள்.

"அப்புறம் லேசாய்டும்," என்றாள். "அப்புறம் ஏலகிரி மலைகூட ஏறலாம் போல இருக்கும். அம்மாகிட்டச் சொல்லாதீங்க."

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள், சில வாரம் கழித்து. டெஸ்டில் அண்ணனுக்கு இருந்ததே அவளுக்கும் இருந்தது. தை மாதத்துச் சம்பந்தம் நின்றுபோனது. அந்த அம்மா வெகுகாலம் என்னிடம் பேசவில்லை. என்னால்தான் என்று இன்றும் நினைக்கிறார் என்று கேள்வி. கௌரிக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளையிடம் அவளே முன்கூட்டிச் சொல்லிவிட்டாள். அவள் பிரசவத்துக்குப் போனபோது லேபர் ரூமில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. டிரிப் தயாராக இருந்தது, சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தாயும் பிள்ளையும் நலமாக வீடு வந்தார்கள்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சந்தேகப்படாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆனால் ஒருவர் பாதியில் நின்றுவிட்டால், ஏன் நின்றாய் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருப்பார்கள். வாழ்க்கை முழுதும் அவர்களிடம் அதை மட்டுமே கேட்டிருக்கிறார்கள். நின்ற பிறகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அதற்குப் பொய் யாரிடமும் தயாராக இருப்பதில்லை.